வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: தொண்டைப் புற்றுநோய்க்கு எந்த ஸ்கேன்?

(பதில் எழுதுபவர், இருபத்தாறு ஆண்டுகளாகத் தொண்டை, கழுத்துப் படங்களைப் படித்துவரும் கதிரியக்க மருத்துவர்.)

என் அப்பாவுக்கு வயது 66. நான்கு மாதமாகக் குரல் கம்மிப் போயிருந்தது. தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துப் பரிசோதித்ததில் வலது குரல்நாணில் ஆரம்ப நிலைப் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. மருத்துவர் சி.டி. ஸ்கேன் மட்டும் எழுதிக் கொடுத்தார். "பெட் ஸ்கேன் எடுத்தால் உடம்பு முழுக்கத் தெரிந்துவிடுமே, ஏன் எழுதவில்லை?" என்று உறவினர்கள் குடைந்தெடுக்கிறார்கள். நாங்கள் ஏமாந்துகொண்டிருக்கிறோமா? — ஒரு மகள்

இல்லை, அம்மா. உங்கள் மருத்துவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

இந்த உறவினர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்கேன்களைப் படிக்கட்டு போல அடுக்கி வைத்திருப்பார்கள். கீழ்ப்படியில் அல்ட்ராசவுண்ட், அதற்கு மேல் சி.டி., அதற்கும் மேல் எம்.ஆர்.ஐ., உச்சியில் பெட். அப்படியொரு படிக்கட்டே கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் பதில் தெரிந்த கேள்விகள் சில உண்டு, மற்றவற்றில் அது திணறும். ஆகவே நான் முதலில் பார்ப்பது, அறுவை மருத்துவர் என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதைத்தான். "தொண்டை — ஸ்கேன்" என்று இரண்டே சொல் எழுதிய சீட்டு வரும் நாட்களில் எனக்குக் கோபம்தான் வரும்.

அப்பாவின் நோய் குரல்நாணில் இருக்கிறது. குரல்நாணின் விளிம்பில் நிணநீர்க் குழாய்கள் அநேகமாக இல்லை. அதனால் அங்கேயே அடங்கிக் கிடக்கும் சிறிய புற்று, கழுத்தில் நெறி கட்டுவதும் தொலைவுக்குப் பரவுவதும் அபூர்வம். பெட் ஸ்கேன், சர்க்கரையை அதிகம் தின்னும் இடங்களை ஒளிரக் காட்டும் படம். இப்படிப்பட்டவருக்கு அதை எடுத்தால் அது கண்டுபிடிப்பதற்கு அதிகம் இருக்காது. சில மில்லிமீட்டர் அளவுள்ள தட்டையான புண்ணை அது பார்க்காமல் விட்டுவிடவும் கூடும். சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று எங்கோ ஒளிர்ந்து, அதைத் துரத்திக்கொண்டு இரண்டு மாதம் ஓடுவதுதான் மிச்சமாகும்.

குரல்நாணின் மேற்பரப்பையும் அது அசைகிறதா என்பதையும் பார்ப்பதில் எங்கள் கருவிகள் எதுவும் கண்ணுக்கு ஈடாகாது. 1854-இல் மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர், பல் மருத்துவர்களின் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, வெயிலை அதில் விழச்செய்து, தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். இன்று கண்ணாடிக்குப் பதிலாகக் கேமரா வைத்த மெல்லிய குழாய் வந்துவிட்டது. பார்க்கும் வேலை அதே வேலைதான்.

அந்தக் குழாய்க்குத் தெரியாதது ஆழம். புண் அடியில் எவ்வளவு இறங்கியிருக்கிறது, இரண்டு நாண்களும் முன்னால் சேரும் முனையைத் தொட்டிருக்கிறதா, பக்கத்துக் கொழுப்புக்குள் நுழைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் சி.டி. கழுத்து முழுவதையும் சில வினாடிகளில் மெல்லிய துண்டுகளாகப் படம் பிடித்துவிடும். ஓயாமல் அசைகிற தொண்டையில் இந்த வேகம் பெரிய வசதி. கை நரம்பில் அயோடின் கலந்த மருந்து ஏற்றுவார்கள். உடம்பு முழுக்கச் சூடு பரவுவது போல இருக்கும், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். முன்பு அந்த மருந்தால் ஒவ்வாமை வந்திருந்தாலும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். படம் எடுக்கும் அந்தச் சில வினாடிகள் மெதுவாக மூச்சு விட வேண்டும், எச்சில் விழுங்கக் கூடாது. சிலரிடம் "வாயை மூடிக் கன்னம் உப்ப ஊதுங்கள்" என்போம். விளையாட்டாக நினைக்க வேண்டாம். ஊதும்போது குரல்வளையின் இரு பக்கமும் ஒட்டிக்கிடக்கும் குழிகள் விரிந்துகொடுக்கும், அங்கே ஒளிந்திருக்கும் கட்டி தெரியும்.

இதே நோய் குரல்நாணுக்கு ஒரு விரல் மேலேயோ, நாக்கின் அடிப்பகுதியிலோ, அந்தப் பக்கக் குழியிலோ இருந்திருந்தால் என் பதில் வேறு. அங்கெல்லாம் நிணநீர்க் குழாய்கள் வலை பின்னியது போல இருக்கும். கழுத்தின் இரு பக்கமும் பரவியிருக்குமோ என்ற சந்தேகத்தோடுதான் படத்தையே திறப்போம்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். குரல்வளைப் புற்றுநோய். சி.டி. ரிப்போர்ட்டில் "குருத்தெலும்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், எம்.ஆர்.ஐ. செய்து உறுதிசெய்யவும்" என்று இருக்கிறது. "இருக்கலாம்" என்று எழுதுவதற்கு ஒரு ஸ்கேன் தேவையா? முதல் ஸ்கேனைச் சரியாக எடுக்கவில்லையோ?

ஐயா, உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த "இருக்கலாம்" என்ற சொல்லை எழுதியவர் நேர்மையானவர்.

கழுத்தின் முன்பக்கம் முட்டிக்கொண்டு தெரிகிறதே, அது கேடயம் போன்ற ஒரு குருத்தெலும்பு. குரல்வளையின் முன்சுவர் அதுதான். சிறு வயதில் முழுக்கக் குருத்தாக இருக்கும். வயது ஏற ஏற அங்கங்கே எலும்பாக மாறும், அதுவும் ஒரே சீராக மாறாது. உங்கள் வயதில் சி.டி. படத்தில் அது காரை பெயர்ந்த சுவர் மாதிரி இருக்கும்: ஓரிடம் வெள்ளை, ஓரிடம் சாம்பல். தொல்லை என்னவென்றால், எலும்பாகாத குருத்தும் சாம்பல், கட்டியும் அதே சாம்பல். கட்டி சுவரைத் துளைத்து வெளிப்பக்கம் வந்து நின்றால் யாருக்கும் சந்தேகம் வராது. உட்பக்கத்தில் சாய்ந்து நிற்கும்போதுதான், தொட்டிருக்கிறதா, உள்ளே புகுந்திருக்கிறதா என்று சி.டி.யால் அடித்துச் சொல்ல முடிவதில்லை.

எம்.ஆர்.ஐ.க்கு அந்த இடத்தில் கண் கூர்மை. எலும்பாக மாறிய பகுதிக்குள் கொழுப்பு இருக்கும். அந்தக் கொழுப்பின் வெளிச்சம் மாறியிருந்தால் ஏதோ உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். "ஏதோ" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கட்டியின் பக்கத்தில் இருப்பதாலேயே குருத்தெலும்பு வெறுமனே வீங்கியிருக்கவும் கூடும். ஒரு காலத்தில் நிறம் மாறினாலே புற்று என்று எழுதிக்கொண்டிருந்தோம், பலருக்கு இல்லாத நோயைச் சேர்த்து எழுதினோம். இப்போது கட்டியின் வெளிச்சத்தையும் குருத்தெலும்பின் வெளிச்சத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். நீர் வெளிச்சமாகத் தெரியும் படங்களில், குருத்தெலும்பு கட்டியைவிட அதிகம் ஒளிர்ந்தால் வீக்கம், கட்டியைப் போலவே இருந்தால் கட்டி. இப்படிப் பார்த்தும் சில சமயம் ஏமாறுகிறோம். ஆனால் எம்.ஆர்.ஐ. "குருத்தெலும்பு சுத்தமாக இருக்கிறது" என்று சொன்னால் அதைப் பெரும்பாலும் நம்பலாம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், உங்கள் குரலுக்காகத்தான். குருத்தெலும்பின் உட்பக்கத் தோலை மட்டும் கட்டி அரித்திருந்தால் அது மூன்றாம் படி. வெளிப்பக்கம் வரை துளைத்திருந்தால் நான்காம் படி. மூன்றில் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துக் குரல்வளையைக் காப்பாற்ற முயலலாம். நான்கில் குரல்வளையை முழுமையாக எடுக்கும் அறுவையைப் பற்றிப் பேச்சு வரும். அந்தப் பேச்சு ஒரு "இருக்கலாம்" மேல் நடக்கக் கூடாது.

எம்.ஆர்.ஐ.க்குப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொரு படத் தொடரும் சில நிமிடங்கள், அந்த நேரம் முழுக்கக் கருவி தடதடவென்று சத்தம் போடும். நான் நோயாளிகளிடம் சொல்வது இவ்வளவுதான்: "சத்தம் கேட்கும்போது விழுங்காதீர்கள். சத்தம் நின்றதும் ஆசைதீர விழுங்குங்கள்." ஒருவர் இதைக் கேட்டுவிட்டு உள்ளே போனார். வெளியே வந்ததும், "ஏழு தடவை நின்றது, ஏழு தடவையும் விழுங்கினேன், நடுவில் ஒரே ஒரு தடவை தோற்றுவிட்டேன், நான்காவது தொடரில் பாருங்கள்" என்றார். பார்த்தேன். நான்காவது தொடர் மட்டும் கலங்கிப்போயிருந்தது. அதை மறுபடி எடுத்தோம்.

எல்லோராலும் அப்படி முடியாது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறவர்கள், எச்சிலை விழுங்க முடியாமல் இருமுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தெளிவான சி.டி. படமே போதும். கலங்கிய எம்.ஆர்.ஐ.யை வைத்துக்கொண்டு குறி சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். இதயத்தில் பேஸ்மேக்கரோ, உடம்பில் வேறு உலோகமோ இருந்தால் அறைக்குள் நுழையும் முன்பே சொல்லுங்கள்.

நாக்கின் அடிப்பகுதி, மூக்குக்குப் பின்னாலுள்ள தொண்டை, மண்டையோட்டின் அடித்தளம், நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும் நோய் — இங்கெல்லாம் எம்.ஆர்.ஐ.யைத்தான் முதலில் கேட்பேன்.

கழுத்தில் ஒரு கட்டி. வலி இல்லை. அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி குத்த வேண்டும் என்கிறார்கள். ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். பேசாமல் கட்டியை முழுதாக அறுத்து எடுத்துவிடலாமா?

ஊசியைக் குத்திக்கொள்ளுங்கள். அறுக்க வேண்டாம்.

அது மிக மெல்லிய ஊசி. உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகளாகச் செய்யப்படும் பரிசோதனை. அதனால் நோய் பரவும் என்ற பயத்துக்கு நடைமுறையில் ஆதாரம் இல்லை. எதுவென்றே தெரியாமல் கட்டியை முதலில் அறுத்து எடுத்தால்தான் சிக்கல். அது தொண்டையிலிருந்து வந்த புற்றாக இருந்தால், பின்னால் செய்யவேண்டிய முறையான அறுவைக்கு அந்தத் தழும்பு குறுக்கே நிற்கும்.

அல்ட்ராசவுண்டை இளக்காரமாக நினைக்கிறார்கள். கழுத்து நெறிகளைப் பார்ப்பதில் அது கெட்டிக்காரக் கருவி. நல்ல நிணநீர்க் கணு அவரைக்கொட்டை வடிவில், நடுவில் வெள்ளைக் கோடு ஒன்றோடு இருக்கும். புற்று குடியேறியது உருண்டுவிடும், அந்தக் கோடு அழிந்துவிடும். சி.டி.யில் நாங்கள் பெரும்பாலும் அளவைத்தான் நம்புகிறோம். கணுவின் குறுக்களவு ஏறக்குறைய 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்படுவோம். ஆனால் அளவு பொய் சொல்லும். சாதாரணத் தொண்டைப் புண்ணுக்கே நெறி பெருக்கும், 7 மில்லிமீட்டர் கணுவில் புற்று ஒளிந்திருக்கும். அல்ட்ராசவுண்டில் ஊசி முனை கணுவுக்குள் நுழைவதைத் திரையிலேயே பார்த்துக்கொண்டு குத்தலாம். சில கணுக்கள் உள்ளே நீர் கோத்திருக்கும். எச்.பி.வி. வைரஸால் வரும் டான்சில் புற்றில் இது சகஜம். அங்கே நடுவில் குத்தினால் வெறும் நீர்தான் வரும், சுவரைப் பார்த்துக் குத்த வேண்டும்.

அதற்குத் தெரியாத இடமும் உண்டு. காற்றையும் எலும்பையும் தாண்டி அது பார்க்காது. தொண்டைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டியுள்ள கணுக்களுக்கு சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோதான் வேண்டும்.

ஊசியில் புற்று என்று வந்து, தொண்டையைக் குழாய் விட்டுப் பார்த்தும் மூல இடம் தெரியவில்லை என்றால், அப்போது பெட் ஸ்கேன் கேட்கலாம். டான்சிலிலோ நாக்கடியிலோ சதை எடுப்பதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும். எடுத்த பிறகு அந்தப் புண்ணும் சேர்ந்து ஒளிரும், எது நோய் எது காயம் என்று நாங்கள் விழிப்போம்.

கணவருக்கு நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய். பெட் ஸ்கேனில் "மார்பின் நடுவே கணு ஒளிர்கிறது, எஸ்.யு.வி. 5.2" என்று எழுதியிருக்கிறார்கள். மார்புக்கும் பரவிவிட்டதா? அவருக்குப் பல வருடங்களுக்கு முன் காசநோய் வந்து குணமானது. ரிப்போர்ட்டைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அம்மா, அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தூக்கத்தை விடாதீர்கள். பெட் ஸ்கேன் புற்றுநோயைப் பார்ப்பதில்லை. அது சர்க்கரைப் பசியைப் பார்க்கிறது.

புற்று அணுக்கள் சர்க்கரையை அளவுக்கு மேல் தின்கின்றன என்பதை 1920-களிலேயே ஓட்டோ வார்பர்க் கவனித்தார். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஸ்கேன். சர்க்கரையோடு கதிரியக்கமுள்ள புளோரின்-18-ஐ ஒட்டி நரம்பில் ஏற்றுகிறோம். 110 நிமிடத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். ஊசி போட்டு ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார வைக்கிறோம். பிறகு யார் அதிகம் தின்றார்கள் என்று படம் எடுக்கிறோம். எஸ்.யு.வி. என்பது அந்தத் தீனியின் அளவு. காசநோய்க் கணுவும் தின்னும், சீழ் பிடித்த பல்லும் தின்னும். மூளை எப்போதுமே தின்றுகொண்டிருப்பதால், அங்கே சிறிய பரவல் இருந்தாலும் அந்த வெளிச்சத்தில் கரைந்துவிடும்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். பெட் படங்களைப் படிக்கத் தொடங்கிய புதிது. குரல் கம்மிய ஒருவரின் படத்தில் வலது குரல்நாண் பளிச்சென்று எரிந்தது. "வலது குரல்நாணில் வளர்ச்சி" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அன்று மாலை காது, மூக்கு, தொண்டை மருத்துவர் தொலைபேசியில் வந்தார். "வலது நாண் தங்கமாக இருக்கிறது, மேடம். அசையாமல் கிடப்பது இடதுதான்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. படத்தை மறுபடி திறந்தேன். இடது நாணுக்குப் போகும் நரம்பு, மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். அந்த வளைவை ஒட்டி ஒரு கட்டி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. இடது நாண் செயலிழந்ததால் வலது நாண் இரண்டு ஆள் வேலையை ஒண்டியாகச் செய்திருக்கிறது. உழைத்த தசை சர்க்கரையைத் தின்றது, நான் அதைப் புற்று என்றேன். அன்று முதல், தொண்டையைக் குழாய் விட்டுப் பார்த்த குறிப்பு கையில் இல்லாமல் நான் கழுத்துப் படம் படிப்பதில்லை.

ஊசி போட்ட பிறகு பேச வேண்டாம் என்று எங்கள் செவிலியர் கண்டிப்பதும் இதனால்தான். பேசினால் குரல்வளைத் தசைகள் ஒளிரும். குளிரில் நடுங்கினால் கழுத்துக் கொழுப்பே ஒளிரும், அதனால் போர்த்திக்கொள்ளச் சொல்வோம். நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு. ரத்தத்தில் சர்க்கரை 200-ஐத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் வேறொரு நாளுக்கு மாற்றிவிடுவோம்.

உங்கள் கணவரின் கணுவுக்கு வருகிறேன். பழைய காசநோய் இருந்தவருக்கு மார்புக் கணு ஒளிர்வது பரவலாகவும் இருக்கலாம், பழைய நோயின் மிச்சமாகவும் இருக்கலாம். படத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் பிரிக்க முடியாது. மூச்சுக்குழாய் வழியாக, நுனியில் அல்ட்ராசவுண்ட் வைத்த குழாயை அனுப்பி அந்தக் கணுவில் ஊசி போட்டு எடுக்கலாம். அதைக் கேளுங்கள். அந்தப் பதில் வரும் வரை யாரும் "பரவிவிட்டது" என்று சிகிச்சையை மாற்ற அனுமதிக்காதீர்கள்.

பெட் ஸ்கேனைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பெரிய கட்டி, கழுத்தில் பல கணுக்கள், நீண்ட காலப் புகைப்பழக்கம் என்று வரும் நோயாளிக்கு அதை நானே கேட்டு வாங்குவேன். யாரும் எதிர்பாராத இடத்தில் பரவல், நுரையீரலிலோ உணவுக்குழாயிலோ தனியாக இரண்டாவது புற்று என்று அது காட்டிக்கொடுத்து, வீணான பெரிய அறுவை நின்றதைப் பார்த்திருக்கிறேன். தொலைவுப் பரவல் பெரும்பாலும் முதலில் போய் உட்காருவது நுரையீரலில்தான். அங்கே சில மில்லிமீட்டர் புள்ளிகளுக்கு மட்டும் பெட்டைவிட மார்பு சி.டி. படத்தை நம்புவேன்.

கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போதே பெட் எடுத்துப் பார்த்துவிட்டால் மனம் நிம்மதியாகும். மருத்துவர் இன்னும் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்கிறார்.

பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது எடுத்தால் நிம்மதி போய்விடும். கதிர்வீச்சில் வெந்த தொண்டை முழுக்க ஒளிரும், இறந்துகொண்டிருக்கும் கட்டியும் ஒளிரும். 12 வாரம் கழித்து எடுத்த படத்துக்குத்தான் மதிப்பு.

அந்தக் காத்திருப்புக்குப் பலனும் உண்டு. முன்பெல்லாம் கழுத்தில் பெரிய கணுக்களோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை முடிந்ததும் மிச்சம் இருக்கிறதோ இல்லையோ, கழுத்து அறுவை செய்துவிடும் வழக்கம் இருந்தது. 564 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்துப் பிரிட்டனில் நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வந்தது. ஒரு குழுவுக்குத் திட்டமிட்டபடி கழுத்து அறுவை. இன்னொரு குழுவுக்கு 12 வாரத்தில் பெட் சி.டி. (பெட்டையும் சி.டி.யையும் சேர்த்து எடுக்கும் படம்), சந்தேகம் இருந்தால் மட்டும் அறுவை. முதல் குழுவில் 221 அறுவைகள், இரண்டாவதில் 54. உயிர் பிழைத்திருந்தவர்களின் விகிதத்தில் பெட் குழு பின்தங்கவில்லை. இந்த நேரத்தில் "ஒன்றும் ஒளிரவில்லை" என்று வரும் பதில் உறுதியானது. "ஒளிர்கிறது" என்று வந்தால் மட்டும், உடனே முடிவு கட்டாமல் ஊசியோ மறுபடம் ஒன்றோ கேளுங்கள்.

நான் புகைப்பவன். வருடம் ஒரு முறை கழுத்து ஸ்கேன் எடுத்துக்கொண்டால் போதுமா?

போதாது, தேவையும் இல்லை. ஒரு கழுத்து சி.டி.யில் ஏறக்குறைய ஓர் ஆண்டில் இயற்கையிலிருந்து நமக்குக் கிடைக்கும் அளவுக் கதிர்வீச்சு சேரும். அதைச் செலவழித்து எடுத்தாலும் ஆரம்பப் புண் அதில் தெரியாமல் போகலாம். குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்தால், விழுங்கும்போது ஒரே பக்கம் வலித்தால், கழுத்தில் நெறி கட்டி இறங்காமல் இருந்தால், ஸ்கேன் மையத்துக்கு வராதீர்கள். தொண்டைக்குள் பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் போங்கள். புகையை என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

அம்மாவின் பழைய ஸ்கேன்கள் ஒரு மூட்டை இருக்கின்றன. ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடலாமா?

நேர்மாறாகச் செய்யுங்கள். காகிதம் தொலைந்தால் மறுபடி எழுதிக்கொள்ளலாம். படம் போனால் போனதுதான். கழுத்தில் ஒரு சிறிய கணு இருக்கிறது என்று வையுங்கள். ஆறு மாதத்துக்கு முன் அது இதே அளவில் இருந்ததா என்று தெரிந்தால் என் சந்தேகம் பாதி தீர்ந்துவிடும். பழைய படம் இல்லாமல் வந்தால் "மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கவும்" என்று எழுதுவதைத் தவிர எனக்கு வழி இல்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் குறுந்தகடோ பென் டிரைவோ கேட்டு வாங்குங்கள். உறையின் மேல் தேதியை எழுதுங்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது மூட்டையோடு போங்கள்.